ககனனுக்குக் கண்ணீர் அஞ்சலி

முகமூடி வீரன் ககனனின் படவரிசையில் பதினொன்றாவது படம் மதுரையில் வெளியான இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மதிய ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இடைவேளையில் பப்ஸ் வாங்கப் போன இரண்டு பேர் திரும்பவில்லை. வெயிலுக்கு ஒதுங்கிய மூன்று பேர் தூங்கினார்கள். பறக்கும் கோட்டை ஒன்று நொறுங்கி விழுந்த பெரும் சத்தத்தில் அவர்கள் விழித்துக்கொண்டு, படம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து போனார்கள். உண்மையிலேயே முடிந்து, திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது மிச்சமிருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். சாவித்ரி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

சாவித்ரிக்கு நாற்பத்தைந்து வயது. வில்லாபுரத்தில் வீடு, அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். சண்டைப் படங்களில் அவளுக்கு நாட்டம் இருந்ததில்லை. அவள் கணவர் சிவராம்தான் ககனன் பைத்தியம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைகிறவர், ககனன் படம் வந்தால் மட்டும் முதல் நாளே லீவு போட்டுவிடுவார். மகள் தீப்தியை ஒரு பக்கமும் சாவித்ரியை மறுபக்கமும் உட்காரவைத்துக்கொண்டு, இவன் யார், அவனுக்கும் இவனுக்கும் என்ன பகை என்று மனைவியின் காதில் சொல்லிக்கொண்டே வருவார். கடைசிப் பெயர் மறைந்து விளக்கு எரியும்வரை யாரையும் எழுந்திருக்கவிடமாட்டார். 

ஏழாவது படத்தில் ககனன் செத்துப்போனான். தியேட்டரே விம்மியது. அப்பாவும் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். "எம்புட்டுத் தைரியம் இருந்தா ஹீரோவைச் சாக விடுவாங்கெ! இதுதான்டி கதை" என்று தெற்குவாசல் பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார் சிவராம்.

போன வருஷம் பிப்ரவரியில் சிவராமே செத்துப்போனார். மாரடைப்பு. அதற்கு மூன்று மாதம் கழித்து வந்த ஒன்பதாவது படத்தில் ககனன் திரும்பி வந்தான். பக்கத்துப் பேரண்டத்தில் உயிரோடு இருந்தானாம். தோழிகளோடு போயிருந்த தீப்தி பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "அவன் மட்டும் எப்படிம்மா வந்தான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு தீப்தி ககனனைப் பற்றியும் பேசவில்லை, அப்பாவைப் பற்றியும் பேசவில்லை.

அப்படியிருக்க சாவித்ரி இன்றைக்கு ஏன் தனியாக வந்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. தீப்திக்குக் கல்லூரியில் ஏதோ விழா. வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறினாள். ஒன்றும் புரியாமல் இரண்டே முக்கால் மணி நேரம் பார்த்தாள். காதில் சொல்ல ஆள் இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

விளக்கு எரிந்ததும் தியேட்டர் மேலாளர் ஹாலாஸ்யம் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு நோட்டு.

"அம்மா, போயிராதீங்க. உங்க போன் நம்பர் வேணும்."

"ஏன் சார், ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

"தப்பெல்லாம் இல்லம்மா. கம்பெனி உத்தரவு. பேரு ஓடி முடியிற வரைக்கும் யாரு உக்காந்திருந்தாலும் நம்பர் வாங்கி அனுப்பணும். பத்து நாளா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கதவுகிட்ட நின்னு பாக்கேன். நீங்கதான் மொத ஆளு." அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது.

நான்காம் நாள் சாவித்ரியின் போனுக்கு முத்திரை போட்ட ஒரு கடிதம் வந்தது. 'ககனப் பேரண்டம், தென் மண்டல அலுவலகம்' என்று தலைப்பு. 'தாங்கள் மேற்படி திரைப்படத்தை இறுதிவரை அமர்ந்து பார்த்தது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இது குறித்துத் தங்கள் விளக்கத்தை ரசிகர் மீட்புக் குழுவின் முன் நேரில் அளிக்கக் கோரப்படுகிறது.' விளக்கம் என்ற சொல்லைப் பார்த்தால் பயப்படப் பழகிய அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் சாவித்ரி. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டலில் நடந்தது. மேடையில் பதினான்கு பேர். எதிரே நூறு நாற்காலி. சாவித்ரியின் கழுத்தில் 'ரசிகர்' என்று எழுதிய அட்டையை மாட்டி, வருகைப் பதிவுக்கென்று மூன்று தாளில் கையெழுத்து வாங்கி, முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். மற்ற தொண்ணூற்றொன்பது நாற்காலியும் காலி. குத்துவிளக்கு ஏற்றினார்கள். குழு உறுப்பினர்களை ரசிகருக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

"நான் கிரீஷ். பேரண்டத்தோட துணைத் தலைவர்" என்றார் நடுவில் இருந்தவர். 

துணை வட்டாட்சியருக்கு மேல் பெரிய துணையைச் சந்தித்திராத சாவித்ரி எழுந்து நின்று கும்பிட்டாள்.

கிரீஷ் பேசினார். "நண்பர்களே, முதல் படத்துக்கு ஊரே வந்தது. பதினொன்றாவது படத்துக்கு ஒருத்தர் வந்திருக்காங்க. சிலர் இதைச் சரிவுன்னு சொல்றாங்க. நான் அப்படிப் பார்க்கலை. நாங்க கூட்டத்தை வடிகட்டி, வடிகட்டி, கடைசியில சாரத்துக்கு வந்திருக்கோம்." சாரத்தைக் கை காட்டினார். பதின்மூன்று பேரும் சாவித்ரிக்குக் கை தட்டினார்கள். "படத்துல குறை இருக்க வாய்ப்பே இல்லை. படம் எடுக்கிறதுக்கு முன்னாடியே அது வெற்றின்னு நாங்க தீர்மானம் போட்டுட்டோம். அப்போ குறை எங்கே? மக்களோட தயாரிப்புல இருக்கு. தயாராகாம வந்து உட்கார்றாங்க!"

அடுத்து ஸ்ரீலக்ஷ்மி என்ற இளம்பெண் எழுந்தாள். பதவி, தொடர்ச்சி அலுவலர். எந்தப் படத்தில் யார் செத்தார், எந்தப் படத்தில் எழுந்தார் என்று கணக்கு வைத்துக்கொள்வது அவள் வேலை. சுவர் முழுக்க ஒரு வரைபடத்தை விரித்தாள். "பதினொன்றாவது படம் புரியணும்னா முந்தின பத்துப் படமும் பாத்திருக்கணும். அதோட செயலியில வந்த நாலு தொடர். அப்புறம் குழந்தைகளுக்கான கார்ட்டூன் ஒண்ணு இருக்கு. வில்லன் ஏன் கோபமா இருக்கார்னு அதுலதான் சொல்லியிருக்கோம். எல்லாம் சேர்த்து நூத்தி எண்பத்தாறு மணி நேரம். ஒரு ஆள் தினமும் வேலை முடிஞ்சு வந்து மூணு மணி நேரம் ஒதுக்கினா ரெண்டே மாசத்துல படம் பார்க்கத் தகுதி ஆகிடலாம்."

"எங்க ஆபீஸ்ல துறைத் தேர்வுக்கே அம்புட்டு நேரம் படிக்கலையே மேடம்" என்றாள் சாவித்ரி.

"அதனாலதான் உங்களுக்கு இப்போ ஒரு சின்னத் தேர்வு" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, கண்டிப்பாக.

நாற்பது கேள்வி. சாவித்ரி மூன்று மதிப்பெண் வாங்கினாள். அதில் ஒன்று பெயருக்கு, ஒன்று ஊருக்கு. குழு கலங்கிப்போகும் என்று அவள் நினைத்தாள். கிரீஷ் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா? எதுவுமே புரியலை, ஆனாலும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க! இதைத்தானே பத்து வருஷமா தேடுறோம்! அம்மா, சொல்லுங்க. ஏன் உட்கார்ந்தீங்க?"

ஸ்ரீலக்ஷ்மி நான்கு விடைகளைப் படித்தாள். பிரம்மாண்டம். பின்னணி இசை. ககனனின் கவசம். அடுத்த படத்தின் மீதான ஆவல்.

"அதுல எதுவும் இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் லைட்டு போடுற வரைக்கும் உக்காந்திருப்பாரு. அவரு போன வருஷம் தவறிட்டாரு. அதான்."

மேடையில் ஒரு சலசலப்பு. கணினியில் 'மற்றவை' என்ற கட்டத்தில் இருபது எழுத்துக்கு மேல் ஏறாது என்றார் ஒருவர். சிறிது விவாதத்துக்குப் பிறகு 'குடும்பச் சூழல்' என்று பதிவு செய்தார்கள்.

கேட்காமலே சாவித்ரி சொன்னாள். பதினான்கு மாதமாக யாரும் அவளிடம் இவ்வளவு கவனமாகக் கேள்வி கேட்டதில்லை. "ககனன் செத்தப்ப அவரும் எம் மகளும் அழுதாங்க சார். திரும்ப வந்ததும் எம் மக பாதியில எந்திரிச்சு வந்துட்டா. செத்தவங்க எல்லாம் வந்துட்டா, அப்புறம் எதுக்கு சார் அழணும்?"

பேரண்டத்தின் துணைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "நோட் பண்ணுங்க. சாவு வேலை செய்யுது. ககனனைச் சாகடிச்சிரலாம்."

"சார், ஏற்கெனவே ரெண்டு தடவை சாகடிச்சாச்சு" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "ஏழாவதுல வெடிகுண்டு, பத்தாவதுல விஷம்."

"அதெல்லாம் படத்துக்குள்ள. இந்தத் தடவை ஊர்ல சாகடிப்போம். அம்மா, மதுரையில ஒருத்தர் செத்தா என்ன செய்வீங்க?"

"போஸ்டர் ஒட்டுவோம்" என்றாள் சாவித்ரி. நம்ப மாட்டார்கள் போலிருந்ததால் போனை எடுத்துச் சிவராமின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைக் காட்டினாள். வெள்ளைச் சட்டையில் சிரிக்கும் சிவராம். தோற்றம், மறைவு. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் தீப்தி எழுதிக் கொடுத்த வரி: 'லைட்டு போட்டுட்டாங்கப்பா. எந்திரிங்க, போவோம்.'

"ஒரு நிமிஷம்மா" என்று ஸ்ரீலக்ஷ்மி போனை வாங்கினாள். கோப்பில் வைக்க நகல் எடுக்கிறார்கள் என்று சாவித்ரி நினைத்துக்கொண்டாள். எந்த அலுவலகத்திலும் அப்படித்தானே.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தீப்தி கல்லூரியிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை நீட்டினாள். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக எடுத்த படம். சுவர் முழுக்க ககனனுக்குக் கண்ணீர் அஞ்சலி. முகமூடி போட்ட முகம், தோற்றம், மறைவு, கீழே பெரிய எழுத்தில்: 'லைட்டு போட்டுட்டாங்க ககனா. எந்திரி, போவோம். இவண்: கண்ணீரில் மிதக்கும் மதுரை மக்கள்.'

"நீ குடுத்தியா?"

"அவங்க கேட்டாங்கடி. நான் போனைக் காமிச்சேன், அவ்வளவுதான்..."

"பஸ்ல ரெண்டு பேரு அதைப் படிச்சுட்டுச் சிரிக்கிறாங்கம்மா. எங்கப்பாவுக்கு எழுதுனது. சிரிக்கிறாங்க."

"எனக்குத் தெரியாது தீப்தி. சத்தியமா தெரியாது."

"உனக்கு எல்லாம் தெரியும்." தீப்தியின் குரல் உயரவில்லை. அதுதான் சாவித்ரிக்குப் பயமாக இருந்தது. "நீயும் அவங்களும் ஒண்ணுதான். அன்னைக்கு நான் கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்குப் போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல, வராண்டாவுல வச்சு என்ன சொன்ன? நீ தைரியமாப் போ, அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாருன்னு. சொன்ன மாதிரியே வந்தாரும்மா. ஐஸ் பெட்டியில."

கதவைச் சாத்திக்கொண்டாள். சாவித்ரி அந்தக் கதவின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு கோரிப்பாளையத்துக்குப் போனாள்.

அங்கே தர்கா பக்கத்துச் சந்தில் ஜுல்பிகர் போஸ்டர் அச்சகம் வைத்திருந்தான். சிவராமுக்கு அடித்தவன் அவன்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கக்கா. நீங்க வருவீங்கன்னு தெரியும். அந்த வரியைப் பாத்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. அடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நீங்க சம்மதம் குடுத்த லெட்டரைக் காமிச்சாங்க."

"நான் எங்க தம்பி சம்மதம் குடுத்தேன்?"

ஜுல்பிகர் ஒரு நகலை எடுத்துக் காட்டினான். வருகைப் பதிவுக்கு என்று வாங்கிய மூன்று தாளில் மூன்றாவது. கீழே பொடி எழுத்தில், ரசிகர் தன் துக்கத்தையும், துக்கம் சார்ந்த வாசகங்களையும், இப்போது அறியப்பட்ட மற்றும் இனி கண்டுபிடிக்கப்படவுள்ள அனைத்துப் பேரண்டங்களிலும் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறார் என்று இருந்தது. அடியில் அவள் கையெழுத்து.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா" என்று தயங்கித் தயங்கி ஓர் அழைப்பிதழைக் கொடுத்தான் ஜுல்பிகர். ககனனுக்குப் பதினாறாம் நாள் காரியம். சமயநல்லூர் மைதானத்தில் மாலை நான்கு மணி. 'குடும்பத்தார் சார்பில்: திருமதி சாவித்ரி சிவராம்.'

சாவித்ரி கிரீஷுக்குப் போன் போட்டாள். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அம்மா, உங்க உணர்வை மதிக்கிறேன்" என்றார் கிரீஷ். "ஆனா எங்க பக்கமும் பாருங்க. வசனம் எழுதறதுக்கு மட்டும் எட்டுப் பேர் வச்சிருக்கோம். பதினொரு படத்துல அவங்களால இப்படி ஒரு வரி எழுத முடியலை. நாங்க உங்க பொண்ணு மாதிரி ஒரு வரி எழுதணும்னா எங்க வீட்ல யாராவது சாகணும். அது நடைமுறைக்கு ஒத்துவராது இல்லையா? உங்களோடது ரொம்பத் தரமான துக்கம்மா. அதை வீட்டுக்குள்ளயே வச்சிருக்கிறது வீண்."

"எடுத்துருங்க சார்."

"விழாவுக்கு வாங்க. மேடையில ஒரே ஒரு கேள்வி கேப்பேன், ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க. மறுநாள் காலையில ஊர்ல ஒரு போஸ்டர்கூட இருக்காது. நான் பேரண்டத்து சார்பா வாக்குக் குடுக்கிறேன்."

பதினாறாம் நாள் மத்தியானம் சாவித்ரி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது தீப்தி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "நானும் வாரேன்" என்றாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மைதானத்தில் பெரிய பந்தல். நடுவில் பத்தடி உயர ககனன் படத்துக்கு ரோஜா மாலை. பின்னால் கறுப்புத் துணி போட்டு மூடிய ஒரு கிரேன். குழுவினர் வெள்ளை உடையில் வரிசையாக நின்றிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் கம்பெனியே வேன் வைத்துக் கூட்டிவந்தவர்கள். மீதி, போஸ்டரைப் பார்த்துவிட்டு என்னவென்று பார்க்க வந்த சமயநல்லூர்க்காரர்கள். அவர்களில் தங்கப்பொண்ணு என்ற அம்மாள் மட்டும் கையில் மாலையோடு வந்திருந்தாள். மார்க்கெட்டில் கீரை விற்கிறவள். தெரிந்தவரோ தெரியாதவரோ, ஊருக்குள் சாவு என்றால் தலை காட்டாமல் இருக்கமாட்டாள். தீப்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முகத்தை மூடி போட்டோ போட்டிருக்காகளே ஆத்தா, எப்படிச் செத்தாரு? தீக்காயமா?"

தீப்தி தலையை மட்டும் அசைத்தாள்.

"பச்சப்புள்ளைக இருக்கா? எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டு இருக்காக. என்ன சனமோ!" என்று தங்கப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிரீஷ் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மதுரை மக்களே! மனுஷன் ஒரே ஒரு தடவைதான் சாக முடியும். அது மனுஷனோட குறைபாடு. ககனனுக்கு அந்தக் குறை இல்லை. இத்தோட மூணு தடவை அவரைக் கொன்னிருக்கோம். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகச் செலவுல, அதிக வெளிச்சத்துல கொன்னிருக்கோம். சாகடிக்கிறதுல நாங்க எந்தக் குறையும் வைக்கலை. ஆனா நீங்க? முதல் தடவை கதறினீங்க. ரெண்டாவது தடவை கண் கலங்கினீங்க. இப்போ பாப்கார்ன் சாப்பிடுறீங்க! எங்க தரம் ஏறிக்கிட்டே போகுது, உங்க அழுகையோட தரம் இறங்கிக்கிட்டே போகுது. இதை வருத்தத்தோட சுட்டிக்காட்டக் கடமைப்பட்டிருக்கேன்." குழு கை தட்டியது. "ஆனாலும் எங்களுக்கு நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கையோட பெயர் சாவித்ரி அம்மா!"

மேடை ஏறும்போது ஸ்ரீலக்ஷ்மி அவள் கையைப் பிடித்து, "வருவார்னு மட்டும் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னதும் கிரேன்ல இறங்கிடுவார்" என்று கிசுகிசுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "மன்னிச்சிருங்க" என்றும் சொன்னாள்.

"அம்மா!" கிரீஷின் குரல் நடுங்கியது. நடுக்கத்துக்கு அவர் ஒத்திகை பார்த்திருந்தார். "இழப்பு என்னன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. அவர் திரும்பி வருவாரா?"

சாவித்ரி ஒலிபெருக்கியை வாங்கினாள். கீழே ஐந்தாவது வரிசையில் தீப்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராண்டாவில், பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று பார்த்த அதே பார்வை.

"வரமாட்டார்" என்றாள் சாவித்ரி.

கிரீஷ் சிரித்தபடி ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"வரமாட்டார். அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எம் மகளைப் பரீட்சைக்கு அனுப்பிச்சேன். ஒரு வருஷம் வீணாப் போயிருமேன்னு நினைச்சேன். அதை அவகிட்டச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் வந்துருவாருன்னு பொய் சொன்னேன். தீப்தி, அப்பாவைக் கடைசியாப் பக்கத்துல இருந்து பாக்க விடாமப் பண்ணிட்டேன். அவரு வரமாட்டார்டி. இனிமே வரவே மாட்டார்."

ஆனால் கிரேன்காரருக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த அம்மா பேசி முடித்ததும் இறக்க வேண்டும். என்ன பேசினால் என்று யாரும் சொல்லவில்லை. மேளம் அதிர, புகை கிளம்ப, கறுப்புத் துணியைக் கிழித்துக்கொண்டு வானத்திலிருந்து ககனன் இறங்கினான். முக்கால்வாசி தூரம் வந்ததும் கயிறு சிக்கிக்கொண்டது. தன் படத்துக்கு நேர் மேலே, மாலையில் கால் உரச, மெல்லச் சுற்றிக்கொண்டே தொங்கினான்.

தங்கப்பொண்ணு எழுந்து நின்றாள்.

"யாத்தே! இவருக்கா நான் மாலை வாங்கிட்டு வந்தேன்?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் விறுவிறுவென்று மேடைக்கு முன்னால் போனாள். "அந்தம்மா புருசனைப் பறிகுடுத்துட்டு நின்னு அழுகுது. நீங்க உசுரோட ஒருத்தனைக் கயித்துல கட்டி இறக்குறீகளா? சாவுன்னா உங்களுக்கு விளையாட்டாய்யா? உங்க வீட்டுல எழவே விழுந்தது இல்லையா?"

"அம்மா, இது ஒரு உணர்வுபூர்வமான அனுபவம்..." என்றார் கிரீஷ்.

"என்ன எழவோ!" தங்கப்பொண்ணு கொண்டுவந்த மாலையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்று மேலேயிருந்து ககனன் கத்தினான். "நான் திருமங்கலம்க்கா. சும்மா தொங்கச் சொன்னாங்க, தொங்குறேன். யாராச்சும் இறக்கி விடுங்கண்ணே!"

அவள் போனதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சமயநல்லூர்க்காரர்கள் முதலில், பிறகு வேனில் வந்தவர்கள். ககனனைக் கீழே இறக்கியபோது பந்தலில் குழு மட்டும்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துக் குழு தன் அறிக்கையைத் தந்தது. மதுரைச் சோதனை முழு வெற்றி; கூட்டத்தினர் தாங்க முடியாத உணர்ச்சிப் பெருக்கில் வெளியேறினர்; பன்னிரண்டாவது படத்தில் ககனனை நான்கு முறை கொல்லப் பரிந்துரைக்கப்படுகிறது. இணைப்பில், சாவித்ரி என்ற ரசிகர் பேரண்டத்தின் தொடர்ச்சிக்கு முரணாகப் பேசியதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார் என்றும், இத்துடன் மதுரையில் ரசிகர் எண்ணிக்கை பூஜ்யம் என்றும் இருந்தது. போஸ்டர்களைக் கம்பெனி எடுக்கவில்லை. ஜுல்பிகர்தான் ஒரு காதணி விழாப் போஸ்டரைக் கோரிப்பாளையத்தில் முதலில் அவற்றின் மேல் ஒட்டவைத்தான்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் தள்ளித் தள்ளி நின்றார்கள். பஸ் வந்தது. சாவித்ரி ஏறி உட்கார்ந்தாள். தீப்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பரவை தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏழு மணிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் போனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லு."

சாவித்ரி சொன்னாள். எட்டு மணிக்கு ஊசி போட்டார்கள். ஒன்பது மணிக்கு மூச்சு வாங்கியது. தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார், கொடுக்கக் கூடாது என்றார்கள், பஞ்சில் நனைத்து உதட்டைத் தடவினேன். பத்து மணிக்கு மேல் கண்ணைத் திறந்து, போயிட்டாளா என்று கேட்டார். பரீட்சை ஆரம்பிச்சிருக்கும் என்றேன். 

"அப்புறம்?"

"என்ன உப்பு வந்துச்சாம்னு கேட்டாரு. எனக்கு வெளங்கலை. உளர்றாருன்னு நினைச்சேன். பிராக்டிகல்ல கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைக்கு என்ன உப்புக் குடுத்தாங்கன்னு கேட்டுச் சொல்லுடின்னாரு. சரின்னேன். அதுக்கப்புறம் பேசலை. பத்து நாப்பதுக்கு..."

பஸ் குலுங்கிக்கொண்டு போனது. நடத்துநர் டிக்கெட் கேட்டு வந்தவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

"ஜிங்க் சல்பேட்" என்றாள் தீப்தி. "கரெக்டா கண்டுபிடிச்சேன்மா. வெளிய வந்து அப்பாகிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தேன்."

பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். சாவித்ரி அவளைச் சமாதானப்படுத்த ஒன்றும் சொல்லவில்லை. தோளைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.